வண்டி வருகிற நேரம்

ரேணிகுண்டா ஸ்டேஷனில் ஒரு தூக்கு இட்லியோடு நின்றவன் நான். ஐந்தாவது தாண்டாதவன். அதே கையால் ஸ்டேஷன் வாசலிலேயே ஓட்டல் வைத்தேன், மாடி வீடு கட்டினேன், மூன்று தங்கைகளைக் கரையேற்றினேன். ‘இவனால் ஆகாது’ என்றவர்கள் இன்று என் கடையில்தான் கை நனைக்கிறார்கள்.

ஆனால் என் மகள் செல்வியை ஓர் அங்குலம் உயர்த்த முடியவில்லை. பதினொரு வயது. வளர்த்திக்கென்று பாவாடையில் விட்ட மடிப்பு மூன்று வருடமாகப் பிரிக்காமலே இருந்தது. மனைவி அந்தத் தையலைக் காட்டிய அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

திருப்பதியில் பகலில் ரத்தம் எடுத்தார்கள். வளர்ச்சி ஹார்மோன் (மூளைக்கு அடியில் பட்டாணி அளவுச் சுரப்பி ரத்தத்தில் விடும் நீர்) இருப்பதாகவே தெரியவில்லை. நிஜமாகவே இல்லையென்றால் ஊசிதான், அந்த மருந்து கிடைப்பது அரிது என்றார் டாக்டரம்மா.

எனக்குக் கோபம். “மெயில் வண்டி போனப்புறம் என் கடையைப் பார்த்தா, ஈ ஓட்டிக்கினு இருக்கான்னுதான் சொல்லுவீங்க. வண்டி வர்றப்போ வந்து பாருங்கம்மா!”

அவர் சிரித்துவிட்டார். “அதத்தான் நானும் சொல்ல வந்தேன். இதுவும் விட்டு விட்டுத்தான் சுரக்கும். பெரிய வண்டி ஆழ்ந்து தூங்கினப்புறம்தான் வரும். ராத்திரி அரை மணிக்கொரு தரம் ரத்தம் எடுக்கணும். பாப்பா முழிச்சா கெட்டுது. நீங்க கொஞ்சம் மெதுவா பேசணும், ஐயா.”

“நைனா பேசினா ரயிலே நின்னுடும்,” என்றாள் செல்வி.

அன்று ராத்திரி ஊசியை நரம்பிலேயே விட்டுக் கட்டினார்கள். அவள் கையை மடங்காமல் என் மடியில் பிடித்திருந்தேன். நர்ஸம்மா இரண்டாம் தரம் ரத்தம் எடுக்கையில் தூரத்தில் எஞ்சின் கூவியது. இருபது வருடப் பழக்கம். ‘இட்லி, இட்லி’ என்று கூவ வாய் தானாகத் திறந்தது. ‘இ’ வெளியே வந்துவிட்டது. துண்டை வாயில் திணித்துக்கொண்டேன்.

செல்வியின் இமை அசைந்தது. நான் மூச்சு விடவில்லை. பிறகு அடங்கியது. விடியும்வரை துண்டை எடுக்கவில்லை.

ரத்தம் பட்டணத்துக்குப் போய் முடிவு வருவதற்குள் பாதி உடம்பாகிவிட்டேன்.

“வண்டி வந்திருக்கு, ஐயா,” என்றார் டாக்டரம்மா. “தூங்கின கொஞ்ச நேரத்துல நல்லா ஏறியிருக்கு. இது தாமதமா வளர்ற உடம்பு. ஊசி வேணாம், காத்திருங்க.”

காத்திருப்பது எனக்குத் தெரியாத தொழில். கற்றுக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்துத்தான் மடிப்பைப் பிரித்தோம்.

உங்கள் பிள்ளைக்கும் ஒரு பகல் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் இடிந்துபோகாதீர்கள். எந்த நேரத்தில் பார்த்தார்கள் என்று கேளுங்கள். தூங்கும் பிள்ளையை முன்பெல்லாம் சோம்பேறி என்று எழுப்பிவிடுவேன். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறேன். அங்கே வேலை நடக்கிறது.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ‘குழந்தை இரவு முழுவதும் உறங்கியது’ என்றிருக்கிறது. டாக்டரம்மா பேர் இருக்கிறது, நர்ஸம்மா பேர் இருக்கிறது. என் வாழ்நாளில் நான் வாயை மூடியிருந்த ஒரே ராத்திரி அது. என் பேரையும் அதில் எழுத வேண்டும்.