மைனா கைதான சனிக்கிழமை

எங்கள் கண்டி காட்டுயிர் அலுவலகத்துக்கு ஒரு மலை மைனா சான்றுப்பொருளாக வந்து சேர்ந்ததற்குக் காரணம் நான்தான். அப்போது அங்கே மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். எந்தச் சட்டம் எந்தத் தேதியில் வந்தது, போனது என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

1. நான் சொன்ன தேதி

கலஹா தேயிலைத் தோட்டத்து முத்தையா தன் மைனாவைப் பல வருடங்களாகத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கூடைக்கடியில் ஒளித்து வளர்த்தார். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வளர்ப்பது குற்றம் என்றது காட்டுயிர்ச் சட்டத்தின் பழைய பிரிவு ஒன்று. அதை நீக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறியதாகப் பத்திரிகையில் படித்த அன்றே அவரிடம் சொல்லிவிட்டேன்.

"சட்டம் போயிருச்சு முத்தையா. இனிப் பயமில்ல."

"நெசமாவா ஐயா?"

"தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்யா!"

ஒரு மாதம் தயங்கியவர், ஒரு சனிக்கிழமை கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். மைனாவுக்குக் கங்காணியின் குரல்; விடியற்காலையில் தோட்டத்து ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு வந்து வரிசையில் நிற்க, கூப்பிடுகிற அதே குரல். பேராதனை நெருங்கும்போது, "பெரட்டுக்கு நேரமாச்சு, எந்திரிங்கடா!" என்று கத்தியது. தூங்கிக்கொண்டிருந்த பாதிப்பேர் பதறி எழுந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் அலுவலக உத்தியோகத்தர்; அனுமதிப்பத்திரம் கேட்டார், இல்லையென்றதும் கூண்டோடு பறிமுதல் செய்துவிட்டார்.

2. கடைசி வரி

திங்கட்கிழமை காலை எங்கள் தலைமை எழுத்தரான பிரதம லிகிதர், யாழ்ப்பாணத்துக்காரர், சட்டமூலத்தை என் மேசையில் போட்டார்.

"என்ன ஐசே, கடைசி வரிய வாசிச்சனீரோ?"

அமைச்சர் அரசிதழான வர்த்தமானியில் குறிக்கும் தேதியிலிருந்தே நீக்கம் அமுலுக்கு வரும் என்றிருந்தது. நான் வாசித்தது பத்திரிகையை மட்டும். மைனா பிடிபடுவதற்கு முன்பே அந்தத் தேதி வந்திராவிட்டால் முத்தையா நீதிமன்றம் ஏற வேண்டும். மைனாவும் திரும்பி வராது.

முத்தையா தினமும் வந்து நின்றார். "நீங்க சொன்னீங்கன்னுதானே ஐயா கொண்டாந்தேன்." பிரதம லிகிதர் அவருக்கும், வருகிற எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "நாளைக்கு வாங்கோ."

மைனாவின் கூண்டு பிரதம லிகிதருடைய அலுமாரிமேல் இருந்தது. மைனா பெரட்டுக்குக் கூப்பிட்டால், தேநீர்க் கோப்பையோடு நின்றவர்கள் கதிரைக்கு ஓடினார்கள். "நான் கத்தினா ஒருத்தரும் அசையிறேல்ல," என்று அவர் குறைபட்டுக்கொண்டார்.

3. தாமதமான கட்டு

வர்த்தமானிக் கட்டு கொழும்பிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் வரும். அந்த முறை இரண்டு வாரம் பிந்தியது. அமைச்சரின் கட்டளை இருந்தது: இன்று முதல் அமுலாகும். 'இன்று' என்பது அந்த வர்த்தமானி வெளியான நாள், மைனா பிடிபட்டதற்கு முந்திய வெள்ளிக்கிழமை!

பிரதம லிகிதர் நாட்காட்டியில் இரண்டு தரம் விரல்வைத்துப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை செத்த சட்டத்தால சனிக்கிழமை பிடிச்சிருக்கிறம்."

"அப்ப விட்டுரலாமா சேர்?"

"ஓம், ஓம். இண்டைக்கே கொண்டுபோகச் சொல்லும்."

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு சட்டம் நீக்கப்பட்ட தேதி வேறு, அந்த நீக்கம் அமுலுக்கு வரும் தேதி வேறு. இரண்டாவதைக் கண்ணால் பார்க்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். எனக்கு வாய்த்தது ஒரு நாள் அதிர்ஷ்டம்.

அடுத்த மாதம் முத்தையா மறுபடி வந்தார், முகம் வாடி.

"என்னய்யா, மறுபடி பிடிச்சிட்டாங்களா?"

"இல்லைங்க ஐயா. அது இப்ப பெரட்டுக்கே கூப்பிடறதில்ல. விடியக்காலையில லயத்தையே பாத்து, 'நாளைக்கு வாங்கோ'ங்குது."

"அதுக்கென்ன?"

"பாதிப்பேரு வேலைக்குப் போகாமத் திரும்பிப் படுத்துக்கிறாங்க. தோட்டத்துத் தொரை என்னைய வரச்சொல்லியிருக்காரு!"