ஆசிட் ஊற்றிய ஓடை

ஈப்போ நகரக் கால்வாயில் தூர்வாரிய கருஞ்சேறு லாரியில் விழுந்ததும் எழுந்த புளித்த நாற்றம், இன்று செம்பனைக் காடாகிவிட்ட எங்கள் ரப்பர் தோட்டத்தில், மரப்பால் சேர்க்கும் ஸ்டோரின் பின்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. என் சின்ன வயதில், அங்கே பால்வாளி கழுவிய தண்ணீர் வெள்ளையாக ஓடையில் இறங்கிக்கொண்டே இருக்கும். பால் உறையவைக்கும் ஆசிட்டைத் திருடி அதில் ஊற்றி, செத்து மிதக்கும் மீன்களை நான் பொறுக்குவேன். ஒருநாள், கீழே குளித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

“தண்ணியில என்னமோ இருக்கு, கண்ணு எரியுதுலா!”

நான் மீன்களைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த மீனில் அம்மா வைத்த குழம்பை அவருக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். அவரால் கண்ணைத் திறக்க முடியவில்லை.

“நல்ல பிள்ள, முள்ளெடுத்துக் குடும்மா” என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.