தொண்ணூற்றாறு கட்டுகள்

என் தங்கை டக்கேயா ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருநாள்கூடப் பள்ளிக்கூடம் போகாமல், டப்பா நசுக்கும் இயந்திரத்தைப் பிரித்து மாட்டக் கற்றாள். பெண்ணுக்கு எதற்கு என்று தர மறுத்த துறைமுக ஓரத்து இடத்தை மூன்றாம் முறை கேட்டு வாங்கினாள். எங்கள் தராவாத் தீவில் கடலுக்கும் காயலுக்கும் நடுவே இருக்கும் மண்ணே கொஞ்சம். அதில் கண்ட இடத்தில் எறிந்த குளிர்பான டப்பாக்களை ஊரார் அவள் வாசலுக்கே கொண்டுவரும்படி செய்தாள்.

நசுக்கிக் கட்டாக்கிக் கப்பலேற்றினால், அக்கரையில் உருக்கி மறுபடி டப்பாவாக்குவார்கள். ஆனால் சரக்குப் பெட்டி நிறையாமல் கப்பல்காரர் தொடமாட்டார். அதற்குத் தொண்ணூற்றாறு கட்டு வேண்டும். சேரப் பதினான்கு மாதம் ஆனது. வீட்டைச் சுற்றிக் கட்டுகள்; கிணற்றடிக்கு உடம்பை ஒருக்களித்துத்தான் போவோம். கட்டிய கம்பியை உப்புக்காற்று தின்றுகொண்டிருந்தது.

கப்பலுக்கு ஒன்பது நாள் இருக்கையில், தப்பு நான் செய்தேன். ஊர் மண்டபத்தில் எல்லார் காதிலும் விழும்படி, "என் தங்கச்சி தொண்ணூத்தாறு கட்டு சேத்துட்டா!" என்றேன். எங்களில் உறவுக்காரர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல வழியில்லை.

மறுநாள் காலையில் கபோவா மாமா வந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன் பிள்ளே. அலை என் பன்றிக் கொட்டிலைத் தின்னுட்டுது. அடுத்தது வீடுதான். முப்பது கட்டு குடு, அணையா அடுக்கிக்கறேன்."

"எடுத்துக்குங்க மாமா," என்றாள். அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "மண்டபத்துல சொல்ல இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா அண்ணே?"

ஐந்து நாள் தீவெல்லாம் பொறுக்கியும் ஆறு கட்டுதான் தேறியது. இருபத்துநான்கு குறைவு. அடுத்த கப்பல் எட்டு மாதம் கழித்து. அதற்குள் கம்பி அறுந்து எல்லாம் காயலுக்குள் போய்விடும்.

ஆறாம் நாள் மாமா வீட்டுக்குப் போனாள். நானும் போனேன்.

"இப்ப நான் கேக்கறேன் மாமா."

மாமா முகம் வெளுத்தது. "அணையையா?"

"இல்ல. உங்க பஸ்ஸை."

பதினோரு வருடமாக ஓடாத பஸ். வெட்டிய இரும்பும் பெட்டியில் சேரலாம்.

"அதுல என் கோழிங்க இருக்கே!"

"கோழி வேணாம். இரும்பு போதும்."

உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தாள்: "குடுங்க. நீங்க மட்டும்தான் கேக்கலாமா? கோழி முட்டை போடத்தான் இப்ப புது அணை இருக்கே."

இரண்டு நாள் வெட்டினோம். பெட்டி நிறைந்தது.

துறைமுகக் குமாஸ்தா எங்கள் வீட்டுக்கே வந்து, கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். நான் வாசித்துச் சொன்னேன்: சரக்கு அழுக்கென்று அக்கரையில் தள்ளினால், பெட்டி அனுப்பியவருக்கே திரும்பி வரும்.

"வந்தா எங்க வைப்பேன் அண்ணே?"

வெளியே, காலியான எங்கள் முற்றத்தில் அதற்குள் இரண்டு மூட்டை டப்பா வந்திறங்கியிருந்தது.

அவள் கட்டைவிரலை நீட்டினாள். "ரேகை அங்க செல்லாதும்மா," என்றார் குமாஸ்தா. வாசல் பலகையில் நான் எழுதியிருந்த தன் பெயரைத் தினமும் பார்த்தவள், பேனாவை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக இறக்கினாள்.

அதன் கீழே நான் தேதி போட்டேன்: 12 மார்ச் 2019, செவ்வாய்க்கிழமை.