ஆவணியில் பிறந்து ஆடியில் அச்சான ஃபைல்

என் டைரியில் ஒரு நாளைக்கு ஆறு வரிக்கு மேல் எழுதமாட்டேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். எல்லாம் எரிச்சலில் எழுதியது.

அப்போது ஆரணியில் கம்ப்யூட்டர் டைப்பிங் கடை வைத்திருந்தேன். காலையில் கடை திறந்ததும் பட்டுச்சேலை வியாபாரி ஒருவர் சட்டைப் பையில் ஃபிளாப்பியோடு வந்தார். பின்னால் அவரிடம் டிசைன் போடும் பெண். அழுது முடித்த முகம்.

"இந்த ஃபைலு என்னிக்கு போட்டதுன்னு பாத்து, ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார். ஜல்தி. சாயங்காலம் சங்கத்துல காட்டணும்."

அவள் போட்ட கொடி பார்டர் போலவே இன்னொரு கடையின் சேலை ஆகஸ்ட் பத்தாம் தேதி விற்பனைக்கு வந்திருந்தது. தன் டிசைன் ஜூலையிலேயே முடிந்துவிட்டது என்றாள் இவள். ஃபைலைத் திறந்தால் ஆகஸ்ட் இருபது என்று காட்டுகிறதாம். காப்பி அடித்தவள் என்று வியாபாரிகள் சங்கத்தில் முடிவானால், ஊரில் எந்தக் கடையும் அவளை வேலைக்குச் சேர்க்காது.

ஃபிளாப்பியின் மூலையில் இருக்கும் சின்னப் பூட்டைத் தள்ளிவிட்டேன்.

"இன்னா சார் பண்றீங்க?"

"இனிமே இதுல எதுவும் எழுத முடியாது. இதுக்கு முன்னாடி யாராவது திறந்தீங்களா?"

"தொறக்காம? நானு தொறந்தேன், எம் மச்சான் தொறந்தான். பத்திரமா இருக்கட்டும்னு ரெண்டு தாட்டி சேவ் பண்ணோம்."

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வேர்டு ஃபைல் ஒவ்வொன்றுக்குள்ளும், தாளில் அச்சாகாத ஒரு குறிப்பு இருக்கும். எப்போது உருவானது, கடைசியாக எப்போது சேமித்தது, கடைசியாக எப்போது அச்சடித்தது எல்லாம் அதில் பதிவாகும். சேமித்த நாள் நேற்று என்றிருந்தது. ஒரு சாட்சியை இவர்களே பத்திரமாக அழித்துவிட்டார்கள்.

"பிரிண்ட் எடுத்தீங்களா?"

"எடுக்கலாம்னுதான் பாத்தோம். இங்க் இல்ல."

அந்த வாரம் அவளுக்கு நடந்த ஒரே நல்லது அதுதான்; எடுத்திருந்தால் பழைய அச்சுத் தேதியும் போயிருக்கும். குறிப்பை இரண்டு முறை படித்தேன். உருவான நாள் ஆகஸ்ட் இருபது. அச்சடித்த நாள் ஜூலை இருபத்து நான்கு.

"ஆவணியில பொறந்த ஃபைல் ஆடியிலேயே அச்சாயிருக்கு. எப்படிங்க?" என்று முதலாளியைக் கேட்டேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அவள்தான் பேசினாள். "ஆடில புது டிசைன் ஆரம்பிக்கக் கூடாது, கம்ப்யூட்டர் தேதிய ஆவணி முகூர்த்தத்துக்கு மாத்தி வெச்சிகினு ஆரம்பின்னு நீங்கதானே மொதலாளி சொன்னீங்க? மொத தாட்டி சேவ் பண்ணதும் திரும்பவும் ஜூலைக்கு மாத்தினேன். நாலு நாளா இத்தயேதான் சொல்லிகினு கீறேன்."

"அது சாமிக்கு செஞ்சதும்மா. சங்கத்துக்கு காட்டறது வேற."

"கம்ப்யூட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாதுங்க," என்றேன்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்றாங்களே!"

"நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் திருப்பிச் சொல்லுது."

தேதியை ஒரு முறை மாற்றியவர்கள் இன்னொரு முறையும் மாற்றியிருக்கலாம். அச்சடித்த தேதியை மட்டும் நம்பி நான் கையெழுத்துப் போட முடியாது. அன்று அச்சடித்த தாள் யாரிடம் போனது என்று கேட்டேன். டிசைனைப் பார்த்துத் தறிக்குத் துளை அட்டை அடிப்பவரிடம் என்றாள். போன் செய்தேன். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, வாங்கிய அன்றே ஓரத்தில் தேதி போட்டிருப்பதாகச் சொன்னார். ஜூலை இருபத்து நான்கு. நாலு நாளாக அவரிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"அப்போ அந்தக் கடைக்காரன் எப்படிப் போட்டான்?" என்று முதலாளி அவள் பக்கம் திரும்பினார்.

"தேவிகாபுரம் கோயில் தூண்ல கீற கொடி மொதலாளி அது. நானும் அத்தப் பாத்துத்தான் வரைஞ்சேன். கண்ணு இருக்கறவங்க யாரு வேணா வரையலாம்."

கண்டதை அப்படியே டைப் செய்தேன். தேதி மாற்றியதை மட்டும் எடுத்துவிடச் சொன்னார் முதலாளி. அது தெரிந்தால் கடையின் மற்ற டிசைன்களையும் சங்கத்தில் கிளறுவார்களாம். "நல்ல பொண்ணு, தப்பு பண்ணலன்னு மட்டும் எழுதுங்க சார். போதும்."

"நல்ல பொண்ணுன்னு எழுத என்கிட்ட ஆதாரம் இல்லீங்க. தேதிக்குத்தான் இருக்கு. மாத்தினதை எடுத்துட்டா, ஆகஸ்ட் இருபதுதான் நிக்கும்."

"பேஜாரு புடிச்ச ஆளு சார் நீங்க," என்றார். மூன்று முறை படித்துவிட்டு, தேதியை மாற்றச் சொன்னது தான்தான் என்று அடியில் கையெழுத்துப் போட்டார். தாளை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

"சங்கத்துல நானே குடுக்கறேன். நாளைக்கு வேலைக்கு வரேன் மொதலாளி. ஆனா இனிமே தேதியில கை வெக்க மாட்டேன். நல்ல நாளு வந்தப்புறம்தான் புது டிசைனு."

"அடுத்த முகூர்த்தத்துக்கு இன்னும் பன்னெண்டு நாளு கீதேம்மா! ஆர்டரு?"

"காலண்டரக் கேளுங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.