செப்டம்பரில் அடித்த சுண்ணாம்பு

மருசோ யாரையும் நம்பமாட்டாள். பாதிரியார் வீட்டுக்குப் புனித நீர் தெளிக்க வந்தால்கூட, அவர் கண் எந்த மூலைக்குப் போகிறதென்று பின்னாலேயே நடந்து பார்ப்பாள். புருஷன் கப்பலில் போன காலமெல்லாம் தனி ஆளாக வீட்டைக் காத்தவள். அவர் இறந்த பிறகும் அந்தச் சந்தேகம் அவளை விடவில்லை.

காரணமும் இருந்தது. அவள் முற்றத்தில் திருநீற்றுப்பச்சைத் தொட்டிக்கு அடியில் ஒரு பளிங்குக்கல். புருஷன் கிணறு தோண்டியபோது கிடைத்தது. அதில் ஒரு பெண்ணின் பாதம் செதுக்கியிருந்தது. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து அடித்து, பாதம் இப்போது வெறும் மேடு. இது வெளியே தெரிந்தால் தொல்லியல்காரர்கள் முற்றத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள். பக்கத்து வீட்டு நிகிதாஸ், கடைக்கால் தோண்டும்போது கிடைத்த உடைந்த பானையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்த அசட்டு நல்லவன். வேலையை நிறுத்திவிட்டார்கள்; அவன் வீடு இன்றைக்கும் வெறும் தூண்களாக நிற்கிறது, நடுவில் அத்திமரம் முளைத்துக் காய்க்கிறது.

வெளியூரில் இருக்கும் மருசோவின் மகள் தெமெலினாவுக்கு வரும் வசந்தத்தில் கல்யாணம். பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது எங்கள் தீவு வழக்கம். அந்த வீடு எழும்ப வேண்டிய இடம் இந்த முற்றம்தான். கொத்தனாருக்கும் சொல்லியாயிற்று.

இந்த நேரம் பார்த்து, சுற்றுலாக் கூட்டமெல்லாம் ஊர் திரும்பிய செப்டம்பர் கடைசியில், ஒரெஸ்டிஸ் என்று ஒருவன் கப்பலிலிருந்து இறங்கி வந்தான். மருசோ வாடகைக்கு விடும் ஒற்றை அறையைக் கேட்டான். சீசன் முடிந்த பிறகு, குடும்பம் குட்டி இல்லாமல், கழுத்தில் கேமராவோடு ஒருத்தன் வந்தால் என்ன அர்த்தம்? தொல்லியல்காரர்கள் அனுப்பிய ஆள்தானே? போதாக்குறைக்கு முதல் நாளே முற்றத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"ரொம்பப் பழைய சுவராம்மா?"

"எங்க வீட்டுக்காரர் கட்டினது. பழசுன்னு இங்க எதுவும் கிடையாது."

"முற்றம் அழகா இருக்கு. இன்னைக்கு இங்கேயே உக்காந்துடலாம்னு பாக்கறேன்."

மருசோ தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். "இங்க உக்காந்து என்னத்தப் பாக்கப் போறீங்க தம்பி? செம்மணல் கடற்கரைக்குப் போங்க. தண்ணி அவ்வளவு தெளிவு. சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டு வாங்க."

அவள் அந்தத் தண்ணீரில் கால் நனைத்தே பல வருஷம் இருக்கும். மறுநாள் துறைமுக அருங்காட்சியகத்துக்கு விரட்டினாள். "கடல்ல முங்கிக் கடற்பஞ்சு எடுத்தவங்க சாமானெல்லாம் வச்சிருக்காங்க. நிதானமாப் பாருங்க." அதற்கடுத்த நாள் கீழ்க்கிராமம். அந்த ஊர்க்காரிகளுக்கு அடுப்புப் பற்றவைக்கவே தெரியாது என்று ஆயுசு முழுக்க ஏசியவள், "அவங்க அடுப்புல வேகவைக்கிற கொண்டைக்கடலைக்கு ஈடே கிடையாது" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நிகிதாஸ் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். "மருசோ, உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஏதும் அடிக்குதா?"

"உன் அத்திமரத்துக்குத் தண்ணி ஊத்து, போ."

எங்கே துரத்தினாலும் பொழுது சாய்ந்ததும் அவன் திரும்பி வந்து தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். இலையை உருவி முகர்ந்தான். மருசோவுக்குச் சோறு இறங்கவில்லை. கப்பல் உடைந்து கிடக்கும் வடக்குக் கடற்கரைக்கு அவனை அனுப்பிய அன்று, சுண்ணாம்பைக் குழைத்து அந்தக் கல்லுக்கு மட்டும் கெட்டியாக இரண்டு பூச்சு பூசினாள். மேடு மறைந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

கிளம்பும் நாளில் அவன் பையோடு முற்றத்தில் நின்றான். விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்புவதா? எதிரியே ஆனாலும் ஒரு கொத்துத் திருநீற்றுப்பச்சை கிள்ளிக் கொடுக்காமல் எங்கள் ஊரில் வழியனுப்புவதில்லை. மருசோ தொட்டியின் மேல் குனிந்தாள். அந்த நொடியில் அவன் படம் எடுத்துவிட்டான்.

பனிக்காலம் தொடங்கியபோது துறைமுக அருங்காட்சியகத்தில் தொல்லியலையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரி பொலிக்சேனி வந்தாள். பாகில் ஊறிய சீமைமாதுளையும் தண்ணீரும் வாங்கிச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு ஒரு பயணப் பத்திரிகையை எடுத்துப் பிரித்தாள். செம்மணல், வடக்குக் கடற்கரை, அருங்காட்சியகம், கீழ்க்கிராமத்துக் கொண்டைக்கடலை எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கம் முழுக்க மருசோ, கையில் இலைக்கொத்தோடு.

"இந்தத் தீவுல உங்க அளவுக்குத் தன்கிட்ட பிரியமா யாரும் இல்லன்னு, உங்க வீட்ல தங்கின ஒரெஸ்டிஸ் எழுதியிருக்கான்க்கா."

மருசோ பத்திரிகையைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தாள். எழுதிப் பிழைப்பவனையா பயந்து பயந்து விரட்டினோம் என்று முகம் எரிந்தது.

பொலிக்சேனி படத்தில் விரல் வைத்தாள். "நானும் இந்த ஊர்ப் பொண்ணுதான். ஈஸ்டருக்குச் சுண்ணாம்பு அடிப்போம், ஆகஸ்ட் திருவிழாவுக்கு அடிப்போம். செப்டம்பர்ல யாரு சுண்ணாம்பு அடிக்கறாங்க? சுவரெல்லாம் மங்கிக் கிடக்கு, ஒத்தக் கல்லு மட்டும் பளீர்னு இருக்கு. நீங்க எதையும் சும்மா செய்யற ஆளா, மருசோக்கா?"

மருசோ பத்திரிகையை மடித்து வைத்தாள். எழுந்து போய்க் கல்லின் மேலிருந்த தொட்டியைத் தானே தூக்கிக் கீழே வைத்தாள்.

தொல்லியல்காரர்கள் முற்றத்தைச் சுற்றிக் கயிறு கட்டிய அன்று சாயங்காலம் தெமெலினா தொலைபேசியில் கூப்பிட்டாள். "அம்மா, பத்திரிகையில நம்ம முற்றம் பாத்தேன். எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். கொத்தனார் எப்ப வர்றார்?"

மருசோ கயிற்றைப் பார்த்தபடி நின்றாள். யாரையாவது திட்ட வேண்டும்போல் இருந்தது. தேடித் தேடிப் பார்த்தாள், ஒருவரும் அகப்படவில்லை.

"நீ ஊருக்கு வாம்மா," என்றாள். "வந்ததும் சொல்றேன்."