கண்ணில் ஒற்றிய பொன்

சிட்னிக்கு மேற்கே மலைகளைக் கடந்து, பாதர்ஸ்டையும் தாண்டிச் சென்றால், அக்காலத்தில் பொன் தேடி நாற்றிசையிலிருந்தும் மனிதர் வந்து குவிந்த பழைய சுரங்க ஊர் ஒன்று இருக்கிறது. சென்ற வைகாசியில் மகள் எங்கள் இருவரையும் சிட்னியில் நாங்கள் வாழும் வென்ட்வேர்த்வில்லிலிருந்து காரில் அங்கே அழைத்துச் சென்றாள். சுற்றிப் பார்க்க என்றுதான் அவள் நினைத்தாள். என் மனைவியின் எண்ணம் வேறு. எங்கள் பகுதியில் எழும் சிறிய கோயிலில் பிள்ளையாரை நிலைநிறுத்தும் நாள் நெருங்கியிருந்தது. பீடத்தின் கீழே பொன் இடுவது மரபு. அதில் இந்நாட்டு மண்ணிலிருந்து தன் கையால் எடுத்த பொன், துளியேனும் சேரவேண்டும் என்று அவள் நேர்ந்திருந்தாள்.

“கடையில கொஞ்சம் வாங்கிக் குடுத்தால் காணாதோ அம்மா? Same goldதானே!” என்றாள் மகள்.

“பிள்ளையார் இருக்கப்போறது இந்த மண்ணிலயெல்லோ? அப்ப இந்த மண்தான் தரவேணும்.”

இறைவனைப் பொன்னே, மணியே என்று பாடிப் பழகிய நாவு என்னுடையது. ஆயினும் பொன் மண்ணுக்குள் எவ்வாறு கிடக்கும் என்று எழுபது வயது வரையில் நான் கண்டதில்லை. கம்பி வேலிக்குள் வாய் திறந்து கிடந்த குழிகளையும், யூகலிப்டஸ் மரங்களினூடே மின்னிய ஓடையையும் பார்த்தபோது, எத்தனை பேருடைய வேண்டுதல்களை இந்நிலம் கேட்டிருக்கும் என்று எண்ணி நின்றேன்.

வழிகாட்டியாக வந்த பெண்மணி ஓடைக்கரையில் எங்களுக்கு ஆளுக்கொரு தட்டைக் கொடுத்து, மணலை நீரில் அலைத்து வடிக்கக் கற்றுத்தந்தார். முதல் அலைப்பிலேயே மணல் முழுவதும் நீரோடு போய் என் தட்டு காலியாயிற்று.

“நீங்கள் அங்கால நிண்டு பதிகம் பாடுங்கோ. இது எங்கட வேலை,” என்றாள் மனைவி. தட்டைத் திருப்பிப் பார்த்தவள் வியந்து கூவினாள். “இஞ்ச பாருங்கோ, வரி வரியாக் கிடக்கு! இது எங்கட அரிக்கன் சட்டியெல்லோ!”

அரிசியில் கல் அரிக்கும் மண்சட்டியைத்தான் சொன்னாள். அதிலும் உட்புறத்தில் இப்படித்தான் வரிகள் இருக்கும். அரிசி நீரோடு போக, கல் வரிகளில் தங்கும். அங்கே தங்குவதை எறிவோம். இங்கே தங்குவதைத்தான் தேடி வந்திருந்தோம். அவள் மணிக்கட்டு தானாகவே சுழன்றது. வழிகாட்டி தம் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு தட்டுகளில் ஒன்றுமில்லை. ஐந்தாவதில், கரிய மணலின் ஓரத்தில், கடுகிற் பாதியளவு மஞ்சள் ஒளிர்ந்தது. வழிகாட்டி சிறு கண்ணாடிக் குப்பியில் நீர் நிறைத்து நீட்டினார். மனைவி அத்துளியை ஈரவிரலால் ஒற்றியெடுத்தாள். குப்பியிலே இட்டிருக்க வேண்டும். “பிள்ளையாரப்பா!” என்று தன் இரு கண்களிலும் ஒற்றினாள், மகிழ்ச்சி தாங்காமல் என் கண்களிலும் ஒற்றினாள். பின்பு விரலைக் குப்பியருகே கொண்டுபோனாள். விரல் வெறுமையாயிருந்தது.

அவள் முகம் வாடியதை என்னால் காணப் பொறுக்கவில்லை.

“ஏன் அப்படிச் செய்தார்?” என்று வழிகாட்டி ஆங்கிலத்தில் கேட்டார். புனிதமானதைக் கண்ணில் ஒற்றுவது எங்கள் வழக்கம் என்று மகள் விளக்கினாள். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். நானும் மனைவியும் அசையாமல் முகத்தை நிமிர்த்தி நின்றோம். வேடிக்கை பார்க்கச் சிலர் கூடினர். மனைவியின் இமையிலும் கன்னத்திலும் ஒன்றுமில்லை. அடுத்து என்னிடம் வந்த வழிகாட்டி புருவத்துக்கு மேலே பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். காலையில் தரித்த திருநீற்றின் கீழ்க்கோட்டில், ஒற்றிய விரல் உரசிய இடத்தில், வெண்மையின் நடுவே பொன் ஒட்டியிருந்தது.

“நாப்பத்தாறு வருசமா இந்த நெத்தியப் பாக்கிறன். இண்டைக்குத்தான் ஏதோ விளைஞ்சிருக்கு!” என்றாள் மனைவி. மகள் சிரிப்புத் தாளாமல் கரையிலேயே குந்திவிட்டாள். வழிகாட்டி ஈரத்தூரிகையால் துளியை எடுத்துக் குப்பியில் சேர்த்தார்.

பிரதிட்டை நாளன்று, பீடத்தின் குழியில் அடியார் பலர் இட்ட பொன்னின்மேல் குருக்கள் அக்குப்பியைக் கவிழ்த்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து குழிக்குள் குனிந்து பார்த்தார்.

“விழுந்ததோ அம்மா? எனக்குத் தெரியேல்லை.”

“ஓம் ஐயா, விழுந்திட்டுது. நான் கண்டனான்.”

அருகில் நின்ற எனக்கு நீர் விழுந்தது மட்டுமே தெரிந்தது. ஆயினும் குருக்கள் என்னை நோக்கியபோது, நானும் மனநிறைவோடு தலையசைத்தேன். மேளம் முழங்கியது.