மறைத்து வைத்த ஃபோல்டர்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை அடித்தது. அவள் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோவில் அவள். என் ஆபீஸில் நான். நடுவில் போன்.

"கருப்புத் திரை வந்திருச்சா?"

"வந்திருச்சு. சின்னக் கோடு ஒண்ணு கண்ணடிச்சுக்கிட்டே நிக்குது."

"அது அப்படித்தான். டி, ஐ, ஆர். ஒரு இடம் விடு. சாய்கோடு, ஏ."

"எதுவும் அழிஞ்சிடாதே?"

"அழியாதும்மா. ஒளிச்சு வச்சதையும் சேர்த்துக் காட்டும், அவ்வளவுதான்."

"நீ இப்படித்தான் சொல்லுவ. முதல்லேர்ந்து சொல்லு."

அம்மா யாரையும் நம்ப மாட்டாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அவளையும் இழுக்கச் சொல்வாள். ஸ்டுடியோவில் முகங்களைத் திருத்துவது அவள் வேலை. பருவை எடுப்பாள், மச்சத்தைத் தொட மாட்டாள். "அப்புறம் இது நான் இல்லைன்னு சண்டைக்கு வருவாங்க."

அந்த வாரம் ஒரு குடும்பத்தின் படங்கள் ஃபோல்டரோடு மொத்தமாகக் காணாமல் போயின. அம்மா அழித்துவிட்டாள் என்றார் முதலாளி. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார். அம்மாவின் சந்தேகம் முதலாளியின் மச்சினன் மேல். "மாட்டுக்கு மணி கட்டின மாதிரி கழுத்துல பென்டிரைவோட திரியறானே, அவன்தான். என் நாற்காலி மேல அவனுக்கு ஒரு கண்ணு."

போனில் என்டர் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் இறங்கியது.

"இருக்கு. ஃபோல்டர் இங்கதான் இருக்கு."

அதை வெளியே கொண்டுவரும் கட்டளையைச் சொன்னேன். அட்ரிப், இடம், கழித்தல் குறி, ஹெச், இடம், ஃபோல்டர் பெயர். எழுதிக்கொண்டாள். அடிக்கவில்லை.

"இப்ப எடுத்தா, நானே ஒளிச்சு நானே எடுத்தேன்னு சொல்லுவான். திங்கக்கிழமை முதலாளி வந்து பக்கத்துல நிக்கட்டும். அவர் கண்ணு முன்னால அடிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

துக்கம் கேட்க முதலாளி வந்தார். "அந்தப் படங்கள் போனது போகட்டும், தம்பி. அம்மா மேல எனக்குக் கோபமில்ல" என்றார். என் தோளைத் தட்டினார். பின்னால் மச்சினன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். கழுத்தில் பென்டிரைவ் இல்லை. அன்றைக்கென்று கழற்றினானா, முன்பே கழற்றினானா தெரியவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோல்டர் மறைந்திருக்கிறது என்று திரை காட்டும். மறைத்தது யார் என்று காட்டாது.

முதலாளி பக்கத்தில் நிற்க அவள் அடிக்க வேண்டிய அந்த ஒரு வரி இன்னும் அடிக்கப்படவில்லை.